ஒச்சம்மாள் அக்கா அவசரப்படவில்லை

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை. பூனை ஒன்றுக்குத் தடுப்பூசி போட்டுக்கொண்டிருந்தேன். கைப்பேசி அடித்தது, எடுக்கவில்லை. மூன்றாவது முறையும் அடித்தபோது எடுத்தேன். பெரியகருப்பன் அண்ணன், ஒச்சம்மாள் அக்காவின் கணவர். இத்தனை ஆண்டுகளில் அவர் என்னோடு பேசியதை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

"ஒச்சம்மா போயிருச்சும்மா," என்றார். "விடிஞ்சதும் நெஞ்ச அடைக்குதுன்னுச்சு. உசிலம்பட்டிக்குக் கொண்டு போறதுக்குள்ள முடிஞ்சுபோச்சு. நீங்க வரணும்னு இல்ல. சொல்லணும்னு தோணுச்சு, சொல்லிட்டேன்."

நீங்க வரணும்னு இல்ல. அவர் அதைக் கோபத்தில் சொல்லவில்லை. வேலை இருக்கும், தூரம் அதிகம் என்கிற கரிசனம்தான். ஆனால் அதற்குப் பிறகு அவர் சொன்னது எதுவும் என் காதில் விழவில்லை. பூனைக்காரப் பெண், "டாக்டர், முடிஞ்சதா?" என்று கேட்டபோதுதான் ஊசி இன்னும் என் கையிலேயே இருப்பதைப் பார்த்தேன்.

மதுரையில் நாயோ பூனையோ வளர்க்கிற உங்களில் பலருக்கு ஒச்சம்மாள் அக்காவைத் தெரியும். காளவாசலுக்குப் பக்கத்தில் இருக்கும் என் கிளினிக்கின் பின்னறையில், சேலையை முழங்கால்வரை ஏற்றிச் செருகிக்கொண்டு, வெந்நீர்த் தொட்டிக்குள் உங்கள் நாயோடு நாயாக நின்றவர். மூன்றரை ஆண்டுகள் அங்கே இருந்தார். பிறகு ஒருநாள் வரவில்லை. அவர் ஏன் வரவில்லை என்பதற்கு உங்களுக்கு ஒரு காரணம் சொல்லப்பட்டது. சொன்னவள் நான். அது பொய். இந்த அஞ்சலியை நான் எழுதுவதே அதைச் சொல்லத்தான். ஆனால் முதலில் அவர் யார் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

முதன்முதலில் அவர் என்னிடம் வந்தது நாய் வளர்ப்பவராகத்தான். மணி என்கிற செவலை நாட்டு நாயைப் போர்வையில் சுற்றி, ஷேர் ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு வந்தார். டிராக்டர் டிப்பர் இடுப்பில் இடித்திருந்தது. பின்னங்கால்கள் இரண்டும் துணி மாதிரி தொங்கின. நான் இடுக்கியால் கால் விரலை அழுத்தினேன். கால் இழுக்கவில்லை. மற்றதையும் அழுத்தினேன். அதுவும் இல்லை. வெளியே பத்துப் பேர் காத்திருந்தார்கள். எப்போதும் சொல்வதைச் சொன்னேன்.

"முதுகுத்தண்டு போயிருச்சும்மா. வச்சுக்கிட்டிருந்தா அதுக்குத்தான் கஷ்டம். ஊசி போட்டுரலாம்."

அவர் அழவில்லை. "நான் பக்கவாத வார்டுல பிசியோதெரபிஸ்ட்டு டாக்டரம்மா," என்றார். "ஒரு பக்கம் விழுந்து கெடக்குற ஆளுகளத்தான் தெனமும் பாக்குறேன். அவுகளுக்கெல்லாம் ஊசி போட்டா அனுப்புறோம்?"

"அது வேற, இது வேற."

"வேறதான். நீங்க இன்னொருக்க அமுக்குங்க. நான் இந்தப் பக்கம் இருந்து பாத்துக்கிறேன்."

இந்தப் பக்கம் என்று அவர் சொன்னது மணியின் தலைப்பக்கம். குத்தவைத்து உட்கார்ந்து, அதன் முகத்துக்கு நேராக முகத்தை வைத்துக்கொண்டார். நான் அழுத்தினேன். கால் அப்படியே கிடந்தது. ஆனால் மணியின் காதுகள் பின்னால் படிந்தன. எச்சில் விழுங்கியது. கண்கள் மெல்லப் பின்புறம் திரும்பின.

"பாத்தீகளா? கால் சொல்லாட்டி என்ன, மூஞ்சி சொல்லுதுல்ல?"

இது ஒன்றும் எனக்குத் தெரியாத விஷயம் அல்ல. கல்லூரியில் முதல் பாடமே இதுதான். கால் இழுக்கிறதா என்பது முக்கியமில்லை, வலி தலைவரை போய்ச் சேருகிறதா என்பதுதான் முக்கியம். சேர்ந்தால் வாய்ப்பு இருக்கிறது. படித்ததை, பரீட்சையில் எழுதியதை, வெளியே நிற்கும் கூட்டத்தின் அவசரத்தில் எப்போதோ விட்டுவிட்டிருந்தேன். அதற்கு முன்பு அதே மேசையில் காலை மட்டும் பார்த்துவிட்டு எத்தனை நாய்களுக்கு ஊசி போட்டேன் என்பது எனக்குத் தெரியாது. அவற்றின் முகங்கள் நினைவில் இருந்தாலாவது பரவாயில்லை. நான்தான் பார்க்கவே இல்லையே.

இரண்டரை மாதம் கழித்து மணி என் கிளினிக் படியேறி வந்தது. கள்ளுக் குடித்தவன் போலத் தள்ளாடித்தான் வந்தது. ஆனால் தன் நான்கு காலில் வந்தது. என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். பெரிதாக ஒன்றுமில்லை என்றார். வயிற்றுக்கடியில் துண்டைக் கொடுத்துத் தூக்கிப் பிடித்து நிற்க வைத்திருக்கிறார். கால்களைச் சைக்கிள் மிதிப்பதுபோல மடக்கி நீட்டியிருக்கிறார். பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் பாதத்தைத் தேய்த்திருக்கிறார். அது தானாகச் சிறுநீர் கழிக்க முடியாத நாட்களில் ஒரு நாளைக்கு நாலு தடவை அடிவயிற்றைக் கையால் அமுக்கி எடுத்திருக்கிறார். கொஞ்சம் நிற்க ஆரம்பித்ததும் வைகையில் தண்ணீர் இல்லாத பக்கமாகக் கூட்டிப்போய் மணலில் நடக்கவிட்டிருக்கிறார். "மணல்ல காலு இழுபட்டா அதுக்கே தெரியும்ல, அதான்," என்றார்.

கிளினிக்கில் வேலைக்கு வரும்படி நான்தான் அவரை அழைத்தேன். "நான் மனுசங்களுக்குப் படிச்சவ. நாய்க்கு எந்தெந்த மூட்டு எம்புட்டு மடங்கும்னு நீங்கதான் சொல்லித் தரணும்," என்றார். பேசிக்கொண்டது இதுதான்: எந்தப் பயிற்சியை எப்போது தொடங்குவது என்று சொல்வது என் பொறுப்பு, செய்வது அவர் கை. அந்த நிபந்தனையைப் போட்டதும் நான்தான். என்னை நம்பி, பதினாறு ஆண்டுகள் பார்த்த ஆஸ்பத்திரி வேலையை விட்டுவிட்டு வந்தார்.

வாசலில் அவர் பெயரையும் எழுதி வைத்தோம். நகரத்து வாய்களுக்கு அந்தப் பெயர் சட்டென்று வரவில்லை. சிலர் ஓச்சமா என்றார்கள், சிலர் ஓ.சி. மேடம் என்றார்கள். ஒரு பெண், "ஷார்ட்டா வேற பேரு வச்சுக்கலாமே?" என்று கேட்டாள். அக்கா தொட்டியிலிருந்து தலையை நிமிர்த்தாமல், "எங்க குலசாமி பேரு தாயி. சுருக்குனா அது கோவிச்சுக்கிரும், அதுவும் உங்க வீட்டுக்குத்தான் வரும்," என்றார். அந்தப் பெண் மறுவாரத்திலிருந்து முழுப் பெயரையும் திருத்தமாகச் சொன்னாள்.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் தம்முடைய கிழட்டுப் பொமரேனியனைக் கூட்டிவருவார். அதற்கு இடுப்பு மூட்டு தேய்ந்திருந்தது. கால் மடக்கிப் பயிற்சி கொடுக்கும்போது அவர் உரக்க எண்ணுவார். இருபது சொன்னால் இருபது. ஒருநாள் அக்கா அவர் கையைப் பிடித்து நிறுத்தினார். "சார், இது டிரில் பீரியடு இல்ல. எண்ணுறத விட்டுட்டு அது மூச்சப் பாருங்க. மூச்சு மாறுச்சுன்னா, எட்டுல நின்னாலும் போதும்." அந்த மனிதர் அன்று முதல் எண்ணவில்லை. போன வாரம் என்னைப் பார்த்தபோது, மனைவி படுத்துக் கிடந்த கடைசி மாதங்களிலும் அந்த வார்த்தைதான் தமக்கு உதவியது என்றார்.

நடக்காது என்று தெரிந்தால் அதையும் முகத்துக்கு நேராகச் சொல்வார். ஒரு குடும்பம் ஆறு மாதம் ஒரு நாயைத் தூக்கிக்கொண்டு அலைந்தது. "இது இனி நடக்காதுய்யா. ஆனா ஊரச் சுத்தும்," என்றார் அக்கா. அவனியாபுரத்தில் ஒரு பட்டறைக்குப் போய் அளவு சொல்லி, பிளாஸ்டிக் குழாயும் பழைய சைக்கிள் சக்கரமும் வைத்து ஒரு வண்டி செய்துகொண்டு வந்தார். பின்பக்கத்தை அதில் கட்டிவிட்டதும் அந்த நாய் செய்த முதல் காரியம், கிளினிக்கை விட்டு வெளியே ஓடி, எதிர்க் கடைப் பூனையைத் துரத்தியதுதான். அக்கா அவ்வளவு சிரித்து நான் பார்த்ததில்லை.

இனி நான் செய்ததைச் சொல்கிறேன்.

ஷீபா என்றொரு கோல்டன் ரெட்ரீவர். வளர்த்தவர் துணிக்கடை வைத்திருப்பவர். அவர் சொல்லித்தான் பாதி நகரம் என்னிடம் வந்தது. ஷீபாவுக்கு முழங்கால் மூட்டை இணைக்கும் தசைநார் அறுந்திருந்தது. நான் அறுவை சிகிச்சை செய்து கட்டினேன். ஆறு வாரமாவது போக வேண்டும் தண்ணீரில் நடக்கவிட. மூன்றாவது வாரம் அவர் வந்தார். வெளிநாட்டிலிருந்து மகள் வருகிறாளாம், வீட்டில் விசேஷமாம், அதற்குள் ஷீபா நடந்தாக வேண்டுமாம். முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். "பாத்துக்கலாம் சார்," என்றேன்.

அக்கா ஷீபாவின் முழங்காலில் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டு என் அறைக்கு வந்தார். "இன்னும் சூடு அடங்கல டாக்டரம்மா. வீக்கமும் இருக்கு. இன்னும் மூணு வாரம் போகட்டும்."

"ஆபரேஷன் பண்ணது நானா நீங்களாக்கா?"

"நீங்கதான்."

"அப்ப நான் சொல்றேன், ஆரம்பிங்க."

"சரி" என்று போனார். நான்காவது நாள் மதியம், ஈரக் கையோடு ஓடிவந்தார். "கைக்குள்ள ஏதோ விட்டுப்போச்சு. டொக்குன்னுச்சு. வாங்க, வாங்க." நான் போட்ட கட்டு அறுந்திருந்தது.

அன்று மாலை துணிக்கடைக்காரர் வந்தார். வரவேற்பறையில் ஏழெட்டுப் பேர், நாய்களும் பூனைகளுமாக உட்கார்ந்திருந்தார்கள். அவர் குரல் தெருவரை கேட்டது. "என் பிள்ளை மாதிரி வளத்தது. யாரு இது தொட்டது? சொல்லுங்க டாக்டர், யாரால இப்படி ஆச்சு?"

பின்னறைக் கதவில் அக்கா நின்றுகொண்டிருந்தார். சேலை ஓரத்திலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் சொன்னேன்: "பிசியோதெரபியில கொஞ்சம் அவசரப்பட்டுட்டாங்க சார்."

மரியாதையாகத்தான் சொன்னேன். அவசரப்பட்டுட்டாங்க. அந்த மரியாதையை நினைத்தால் இப்போதும் எனக்குக் கூசுகிறது. அக்கா மறுப்பார் என்று ஒரு நொடி எதிர்பார்த்தேன். மறுத்திருந்தால் நான் இன்னும் மோசமாக ஏதாவது சொல்லியிருப்பேன். அவர் என்னைப் பார்த்தார். நான் இடுக்கியால் அழுத்தியபோது மணியைப் பார்த்தாரே, அதே கவனத்தோடு என் முகத்தைப் பார்த்தார். பிறகு உள்ளே போய்விட்டார்.

கூட்டம் கலைந்ததும், "கொஞ்ச நாள் வராம இருங்கக்கா. அடங்கட்டும்," என்றேன்.

"சரிங்க டாக்டரம்மா. தொட்டித் தண்ணிய இன்னைக்கு மாத்தல. நாளைக்கு அந்தக் கிழட்டு நாய் வரும், அதுக்குத் தோல் சொறி. மறந்துராதீக."

அவர் என்னிடம் கடைசியாக வேலை பற்றிச் சொன்னது அது. நான் கூப்பிடவே இல்லை. அந்த வாரம் நாய் வளர்ப்போர் வாட்சப் குழுக்களில் என்னென்னவோ சுற்றியது. 'படிக்காத பொம்பளை ஒருத்தியை வைத்து வைத்தியம் பார்க்கிறார்கள்' என்று ஒருவர் எழுதியிருந்தார். அக்கா பட்டம் பெற்றவர். சான்றிதழின் நகல் என் மேசை இழுப்பறையில்தான் இருந்தது. குழுவில் வந்ததையெல்லாம் படித்தேன். பதில் எழுதவில்லை. இரண்டு வாரத்தில் குழுவில் வேறு பேச்சு வந்துவிட்டது, எனக்கு நிம்மதியாக இருந்தது. ஷீபாவுக்கு வேறு மருத்துவர் இரண்டாவது முறை அறுவை சிகிச்சை செய்தார். இன்றும் சாய்ந்து சாய்ந்துதான் நடக்கிறதாம்.

இரண்டு ஆண்டுகள் கழித்து உசிலம்பட்டிப் பக்கம் ஒரு கால்நடை முகாமுக்குப் போனேன். கிளினிக்கை விட்டபின் அக்கா திரும்பிப்போன சொந்த ஊர் அங்கிருந்து பக்கம். திரும்பும்போது வண்டியை அந்தப் பக்கம் விட்டேன். வீட்டுக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் ஒரு ஜல்லிக்கட்டுக் காளை நின்றது. அவனியாபுரத்திலிருந்து வேனில் ஏற்றிக் கொண்டுவந்திருந்தார்கள். முன்னங்கால் தோள்பட்டையில் அடிபட்டு, சதை வற்றிப்போயிருந்தது. காளைக்காரர் மூக்கணாங்கயிற்றை இழுத்துப் பிடித்திருந்தார்.

"அண்ணே, கயித்தத் தளர்த்துங்க. அது பயந்தா தோளு இறுகும், நான் எதத் தொடுறது?" என்று அவரிடம் சொல்லிக்கொண்டே திரும்பிய அக்கா என்னைக் கண்டார்.

"வந்ததுதான் வந்தீக. இந்த எலும்போரத்துல கை வச்சுப் பாருங்க. நரம்பு உசுரோட இருக்கா?" என்றார்.

ஒரு மணி நேரம் அந்தக் காளையோடு வேலை செய்தோம். ஏதோ நேற்றுத்தான் பிரிந்தவர்கள் போல. முடிந்ததும் வேகவைத்த கடலை கொடுத்தார். காளைக்காரர் வேனை எடுக்கப் போன சமயம் பார்த்து, "அக்கா, அன்னைக்கு நான்..." என்று தொடங்கினேன்.

அவர் கையை உயர்த்தினார். கோபம் இல்லை. களைப்பாக இருந்தார். "என்கிட்டச் சொல்லி என்னங்க டாக்டரம்மா ஆவப்போகுது? நடந்தது எனக்குத்தான் தெரியுமே. தெரியாதவுககிட்டச் சொல்லுங்க."

"சொல்றேங்கக்கா."

"சொல்லுங்க," என்றார். அவ்வளவுதான். கடலைத் தோலைக் கூட்டித் தள்ளினார்.

நான் சொல்லவில்லை. ஒவ்வொரு பொங்கலுக்கும், தை முடியட்டும் என்று நினைப்பேன். கிளினிக்கைப் பெரிதாக்கிக்கொண்டிருந்தேன், அது முடியட்டும் என்று நினைத்தேன். சிரமமான கேஸ் வந்தால் பெயர் சொல்லாமல், "உசிலம்பட்டிப் பக்கம் ஒருத்தங்க இருக்காங்க, போய்ப் பாருங்க," என்று அனுப்பினேன். அப்படி அனுப்புவதே ஒருவகைப் பிராயச்சித்தம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அக்கா அவர்களில் ஒருவரையும் திருப்பி அனுப்பவில்லை. யார் அனுப்பியது என்று கேட்கவும் இல்லையாம். அவருக்கு ஐம்பத்து நான்கு வயது. நேரம் இருக்கிறது என்று நினைத்துவிட்டேன்.

பெரியகருப்பன் அண்ணன் வரவேண்டியதில்லை என்று சொல்லியும், செய்தி வந்த அன்றே நான் போனேன். வாசலில் பந்தலும் கொட்டும் இருந்தன. மதுரையிலிருந்து வந்தவர்கள் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். மற்றவர்கள் ஆடு, மாடு வளர்க்கும் ஊர்க்காரர்கள். அக்காவின் முகத்தைப் பார்த்தேன். கையை நெஞ்சின்மேல் கட்டி வைத்திருந்தார்கள். அந்தக் கைகள் சும்மா இருந்து நான் பார்த்ததே இல்லை. அழவும் வரவில்லை, நிற்கவும் முடியவில்லை. பின்பக்கமாகப் போனேன்.

மாட்டுக் கொட்டகையின் ஓரத்தில், சாக்கு விரிப்பில் ஒரு கறுப்பு நாய் கிடந்தது. பின்னங்கால்கள் விழுந்த நாய். முனகிக்கொண்டிருந்தது. வயிற்றைத் தொட்டேன், கல் மாதிரி இருந்தது. அத்தனை அழுகைக்குள் காலையிலிருந்து அதன் சிறுநீரை யாரும் எடுத்துவிடவில்லை. குத்தவைத்து உட்கார்ந்து அடிவயிற்றை அமுக்கினேன். என் சேலையெல்லாம் நனைந்தது. எழவு வீட்டில் இது என்ன கூத்து என்று இரண்டு பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். நாய் மூச்சை நீளமாக விட்டு, தலையைச் சாக்கில் வைத்தது. அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

பெரியகருப்பன் அண்ணன் பின்னால் வந்து நின்றிருந்தார். "அது பேரு கருப்பி. ஆடு மேய்க்கிற பாண்டியம்மாளோடது. ஒச்சம்மாதான் ஒரு மாசமாப் பாத்துக்கிட்டிருந்துச்சு," என்றார். பிறகு, "கொண்டு போறீகளா?" என்று கேட்டார்.

"கொண்டு போறேண்ணே."

மறுவாரம் துணிக்கடைக்காரரை அவர் கடையிலேயே போய்ப் பார்த்தேன். ஷீபாவை மூன்றாவது வாரத்திலேயே தண்ணீரில் விடச் சொன்னது நான், ஒச்சம்மாள் அக்கா வேண்டாம் என்று தடுத்தார், நான் கேட்கவில்லை, பிறகு பழியை அவர்மேல் போட்டேன் என்று சொன்னேன். அவர் கேட்டார்: "அந்தம்மா இருக்கும்போது சொல்லியிருந்தா நான் போய் ஒரு வார்த்தை பேசியிருப்பேனே டாக்டர். இப்ப நான் யாருகிட்டப் போயிப் பேசுறது?"

அவரிடம் சொன்னதையே இங்கே உங்கள் எல்லாருக்கும் எழுதுகிறேன். ஒச்சம்மாள் அக்கா அவசரப்படவில்லை. அவசரப்பட்டது நான். அவர் படிக்காதவர் அல்லர். அவர் கையால் எந்தப் பிராணியும் கெட்டதில்லை. இதைப் படித்துவிட்டு உங்கள் செல்லங்களை வேறு மருத்துவரிடம் கொண்டுபோக நினைத்தால், அதுவும் நியாயம்தான்.

அவர் பாதியில் விட்டுப்போனதில் இன்று என்னிடம் இருப்பது கருப்பி ஒன்றுதான். அது இன்னும் நிற்கவில்லை. தினமும் கிளினிக் திறப்பதற்கு முன்னால் அதன் கால்களை மடக்கி நீட்டுகிறேன். மூன்றரை ஆண்டுகள் அக்காவை அந்த அறையில் வைத்திருந்தும், இந்த வேலையை ஒருநாள்கூட நான் என் கையால் செய்ததில்லை.

பாண்டியம்மாள் ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் ஏறி அதைப் பார்க்க வருகிறாள். போன ஞாயிறு பக்கத்தில் உட்கார்ந்து நான் செய்வதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்தக்கா செஞ்ச மாதிரியேதான் செய்றீகளா?"

"இல்ல பாண்டியம்மா. நான் இப்பத்தான் பழகுறேன்."

அவள் கையை நீட்டி என் கையின் மேல் வைத்தாள். "கட்ட வெரல இங்க வச்சு அமுக்கக் கூடாது தாயி. அந்தக்கா பாதத்த உள்ளங்கையில சும்மா ஏந்திக்கிரும். அதுவா எம்புட்டு வருதோ அம்புட்டுத்தான்."

நான் கட்டைவிரலை எடுத்துக்கொண்டேன்.